உப்புக் காற்றுள்ள நிலத்துக்கு விவசாயம் கற்க எங்கே போவது?

கேள்வி இதுதான். துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் அடுத்த வருடம் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறார். இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினம் பக்கம் தாத்தா வழியில் வந்த இரண்டு ஏக்கர் இருக்கிறது. கொஞ்சம் பனை, மீதியெல்லாம் சீமைக் கருவேலம், ஒரு பழைய கிணறு. பெர்மாகல்ச்சர், அதாவது இயற்கையின் போக்கைப் பார்த்து நிலத்தை வடிவமைத்து விவசாயம் செய்யும் முறை, கற்றுக்கொண்டு வீட்டுக்கு வேண்டியதை முடிந்தவரை தாங்களே விளைவித்து வாழ நினைக்கிறார்கள். இரண்டு வாரச் சான்றிதழ் வகுப்பில் சேரலாமா, பண்ணைகளில் தங்கிக் கற்பது நல்லதா, மனைவியும் கூட வரலாமா என்று கேட்டிருக்கிறார்.

சான்றிதழ் வகுப்புக்கு இப்போதே பணம் கட்டாதீர்கள். அது கடைசியில் வரட்டும். உங்களுக்கு முதலில் வேண்டியது, உங்கள் நிலத்தில் உள்ள அதே உப்போடும் காற்றோடும் வறட்சியோடும் பிழைக்கிற ஒரு குடும்பத்தின் பக்கத்தில் ஒரு முழுப் பருவம். அதற்கும் முன்னால் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்துவிட வேண்டும். ஏன் இந்த வரிசை என்று விளக்குகிறேன்.

பெர்மாகல்ச்சரை 1970களில் ஆஸ்திரேலியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் வகுத்தார்கள். அவர்களுடைய முதல் நூல் 1978ல் வந்தது. மாலிசன் 1987ல் இந்தியாவுக்கு வந்து பாடம் எடுத்தார். தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் இயங்கும் அரண்யா அமைப்பு அந்த வழியில் வந்ததுதான். 2017ல் உலகப் பெர்மாகல்ச்சர் மாநாடு ஹைதராபாத்தில் நடந்தது. சான்றிதழ் வகுப்புக்கு எந்த நாட்டிலும் 72 மணி நேரப் பாடத்திட்டம். பத்துப் பதினைந்து நாளில் முடித்துவிடுவார்கள். வீட்டை மையமாக வைத்து நிலத்தை வட்டங்களாகப் பிரிப்பது, வெயிலும் காற்றும் தண்ணீரும் எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று வரைபடம் போடுவது, ஓடுகிற மழைநீரைச் சமமட்ட வாய்க்கால் வெட்டி நிறுத்துவது, பல அடுக்காக மரம் செடி வைப்பது, இவையெல்லாம் அதில் உண்டு. நல்ல பாடம்தான். நிலத்தை ஒரே பார்வையில் படிக்கிற கண் அதில் கிடைக்கும்.

ஆனால் கை வேலை அதில் வராது. பதினைந்து நாளில் மண்வெட்டி பிடிக்கவே பழக்கம் வராது, வடிவமைப்பாளர் என்று சான்றிதழ் மட்டும் வந்துவிடும். இன்னொரு சிக்கல், அங்கே காட்டுகிற உதாரணங்களில் பெரும்பாலானவை வேறு மண்ணுக்கு உரியவை. தெலங்கானாவின் மழை ஜூனில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது. நமக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் அடித்துப் பெய்துவிட்டு ஓடிவிடும். கொடைக்கானலிலோ வயநாட்டிலோ உள்ள பண்ணையில் தங்கிவிட்டு வந்தால் வாழை, காபி, மிளகுக்கு நடுவே அழகான நினைவுகள் மிஞ்சும். 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்று அதிகாரிகளை மிரட்டப் பயன்பட்ட மாவட்டத்துக்கு அது எவ்வளவு உதவும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் நிலத்துக்கு வருவோம். பெரியபட்டினம் மன்னார் வளைகுடாவைப் பார்த்த கரை, அதாவது தென்கடல். இங்கே வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று உப்புத் துளியை அள்ளிக்கொண்டு வந்து இலையில் அடிக்கும். அதே மாதங்களில் தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை திரும்பினால் நிலைமை தலைகீழ், அவர்கள் பக்கம் அடி விழும், உங்கள் பக்கம் அமைதி. எனவே காற்றுத் தடுப்பு மரவரிசை உங்களுக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் வேண்டும். தொண்டிக்காரர் தோட்டத்தைப் பார்த்து அப்படியே நகல் எடுத்தால் வேலி தப்பான பக்கத்தில் நிற்கும். எந்த மாதத்தில் எந்தக் காற்று எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்று தெரிந்துகொள்ள மீன்பிடி வள்ளத்தில் போகிற பெரியவர் ஒருவரிடம் ஒரு மாலை உட்கார்ந்து பேசினால் போதும். வகுப்பில் காற்றுத் திசை வரைபடம் போட இதைத்தான் அரை நாள் பாடமாகச் சொல்லித் தருவார்கள்.

கிணற்றை இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் உள்ள பழைய கணக்கு. இதன் மறுபக்கம்தான் பயமுறுத்துவது. பெரிய மோட்டார் வைத்து உறிஞ்சி மேல்மட்டத்தை ஒரு அடி இறக்கினால் கீழே இருந்து உப்பு நாற்பது அடி ஏறி வரப் பார்க்கும். ஒரு முறை உப்பேறிய கிணறு பல மழைக்காலம் கழித்துத்தான் தெளியும். மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறுகிற வரை காத்திருந்து, கொட்டாங்குச்சியால் அள்ளிக் குடத்தில் ஊற்றிய நம் பெண்கள் இந்தக் கணக்கைப் படிக்கவில்லை, ஆனால் செய்தது அதைத்தான். ஆழ்துளைக் கிணறு போடச் சொல்லி யார் வந்தாலும் காசைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கிணற்றைத் தூர்வாரி, சின்ன மோட்டாரில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒரு தொட்டியில் நிரப்பி, அங்கிருந்து பாய்ச்சுவது நல்லது.

தண்ணீரைச் சோதிக்கச் சித்திரையில் எடுங்கள். கார்த்திகையில் எடுத்தால் மழைத்தண்ணீர் கலந்து நல்ல பெயர் வாங்கிவிடும். மண்ணையும் அப்போதே எடுக்கலாம். முடிவில் இரண்டு எண்களைப் பாருங்கள், உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்தும் திறனும் கார அமில நிலையும் (pH). மண்ணின் நிறைவுற்ற சாற்றில் (மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்து வடித்த சாறு) கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனைத் தாண்டினால் உவர் நிலம். கார அமில நிலை 8.5ஐத் தாண்டி சோடியமும் கூடுதலாக இருந்தால் களர் நிலம். இரண்டும் ஒன்றென்று நினைத்து ஜிப்சத்தைக் கொட்டுகிறவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. ஜிப்சம் களருக்குத்தான் மருந்து. வெறும் உவருக்கு மழைத்தண்ணீரை வரப்புக்குள் தேக்கி உப்பைக் கீழே கழுவி இறக்க வேண்டும், வடிகால் வேண்டும், பிறகு தக்கைப்பூண்டு விதைத்துப் பூவெடுக்கும் சமயத்தில் மடக்கி உழ வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் உப்பேறிய வயல்களை மீட்க இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார் போன்றவர்கள் உழைத்தது இப்படிப்பட்ட முறைகளில்தான். மணற்பாங்கான இடமாக இருந்தால் கண்மாய் வண்டல் கிடைத்தால் அடியுங்கள். ஆனால் எந்தக் கண்மாய் என்று பார்த்து எடுக்கவும். கடலுக்குப் பக்கத்தில் கடைசியாக இருக்கிற கண்மாயின் மண்ணிலேயே உப்பு இருக்கும்.

இந்தச் சோதனைகளுக்கும் சின்னச் சின்னப் பயிற்சிகளுக்கும் தூரம் போக வேண்டாம். இராமநாதபுரத்திலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. இயற்கை வாழ்வு பேசுகிற நம் ஆட்கள் அரசு நிறுவனம் என்றாலே மூக்கைச் சுளிப்பார்கள். அவர்கள் உரம், மருந்து பற்றிப் பேசுவது பிடிக்காவிட்டால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். உவரில் எது முளைக்கும், எது முளைக்காது என்று வருடக்கணக்கில் பார்த்தவர்கள் அவர்கள். ஆடு, நாட்டுக்கோழி வளர்க்கக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் உண்டு. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் உணவோடு கூடிய இலவசப் பயிற்சி கிடைக்கும். பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் மானாவாரி நெல்லுக்குப் பெயர் போனது. 2009ல் வெளிவந்த அண்ணா 4 அங்கே உருவானதுதான். தமிழக அரசின் உழவன் செயலியைக் கைபேசியில் ஏற்றிக்கொண்டால் பயிற்சி அறிவிப்புகளைப் பார்க்கலாம்.

வெளியூர்ப் பயிலரங்குகளில் முதலில் போக வேண்டியது கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் சுருமான்பட்டியில் உள்ள வானகம். நம்மாழ்வார் தொடங்கியது. 2013ல் அவர் மறைந்த பிறகும் பயிற்சிகள் தொடர்கின்றன. தமிழில் நடக்கும், சில நாள் தங்கலாம், வறண்ட கரட்டு நிலம் எப்படிக் காடாகிறது என்று கண்ணால் பார்க்கலாம். நமக்கும் வறட்சி, அவர்களுக்கும் வறட்சி. உப்பு மட்டும் அங்கே இல்லை. குடும்பத்தோடு போக வசதியான இடம். சீர்காழியில் இந்திய அறிவுமுறைகள் மையம் இயற்கை விவசாயப் பயிற்சி நடத்துகிறது, அது காவிரிக் கடைமடை, கடலும் பக்கம். பாரம்பரிய நெல் விதை வேண்டுமென்றால் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா. நெல் ஜெயராமன் ஏற்படுத்திய வழக்கப்படி இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர் மறு வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். மண் வீடு கட்டக் கற்க வேண்டுமானால் திருவண்ணாமலையில் தணல் இருக்கிறது.

ஆரோவில்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பண்ணைத் தங்கல் என்று தேடினால் முதலில் வருவது அதுதான். 2003ல் தொடங்கிய சாதனா ஃபாரஸ்ட் தன்னார்வலர்களைக் கொண்டு நடப்பது. காலையில் காட்டு வேலை, சமையல், கழிவைக் கழிவென்று விடாமல் உரமாக்கும் முறை எல்லாம் உடம்பால் கற்கலாம். சாலிட்யூட் ஃபார்ம் நாட்டுக் கீரைகளையும் கிழங்குகளையும் சாப்பாட்டுத் தட்டு வரை கொண்டுபோவதில் தேர்ந்தவர்கள். ஆரோவில்லின் செம்மண் மேட்டில் ஒரு காலத்தில் ஒன்றும் இல்லை. மழைநீரை வரப்புக் கட்டி நிறுத்தித்தான் காடு வளர்த்தார்கள். ஆங்கிலம் அதிகம் புழங்கும், உணவு பெரும்பாலும் சைவம், சில இடங்களில் பால்கூட இருக்காது. பிள்ளைகளோடு போவதாக இருந்தால் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

உலகம் முழுக்க இயற்கைப் பண்ணைகளையும் தன்னார்வலர்களையும் இணைக்கும் வூஃப் என்ற ஏற்பாடு 1971ல் இங்கிலாந்தில் தொடங்கியது. இந்தியாவிலும் உண்டு. தினமும் பாதி நாள் வேலை, பதிலுக்குச் சாப்பாடும் இடமும். பணம் கைமாறாது என்பது அதன் அடிப்படை. தேர்ந்தெடுக்கும் முன் பண்ணைக்காரரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். நான் வருகிற மாதத்தில் என்ன வேலை நடக்கும்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கோடையில் என்ன செய்கிறீர்கள்? பெண்கள் தங்க அறை, கழிப்பறை எப்படி? இந்த வருடம் எதை விற்றீர்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம். சில பண்ணைகளில் முக்கிய விளைச்சலே பயிற்சிக் கட்டணம். அது குற்றமில்லை, அவர்களும் பிழைக்க வேண்டும். ஆனால் நிலத்தை நம்பிச் சாப்பிட வழி தேடுகிற நீங்கள், நிலத்தை நம்பிச் சாப்பிடுகிறவரிடம்தான் கற்க வேண்டும்.

அப்படிப்பட்டவர்கள் உங்கள் ஊரைச் சுற்றியே இருக்கிறார்கள், பலகை வைக்கவில்லை, அவ்வளவுதான். முதலில் பனை. உங்கள் நிலத்தில் ஏற்கெனவே நிற்கும் ஒரே சொத்து அது. தை, மாசியில் பாளை விட ஆரம்பித்தால் ஆனி, ஆடி வரை பதனீர்க் காலம். சாயல்குடிப் பக்கம் இன்னும் கருப்பட்டி காய்ச்சும் குடும்பங்கள் இருக்கின்றன. மரம் ஏறுகிறவர் தளைநாரும் பாளை அரிவாளுமாகக் காலையும் மாலையும் ஏறிப் பாளையைச் சீவுவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவ வேண்டும். தடவாவிட்டால் பதனீர் புளித்துக் கள்ளாகிவிடும், கள் இறக்குவது தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டுப் பத்து லிட்டர் பதனீர் காய்ச்ச வேண்டும். பதனீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் அடுப்புப் பக்கம் பெரும்பாலும் பெண்கள்தான். பாகு எந்தப் பதத்தில் இறக்க வேண்டும், மழை மேகம் போட்டால் என்ன ஆகும், சுண்ணாம்பு கூடினால் ருசி எப்படி மாறும் என்பதெல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. உங்கள் மனைவி கற்க விரும்பினால் இதைவிட நல்ல பள்ளி கிடையாது. ஓலை வாருவது, பெட்டி, கொட்டான், பாய் முடைவதும் கூடவே வரும்.

மரம் ஏற நீங்களே கற்க வேண்டுமா? நாற்பதை நெருங்கும் வயதில் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உங்கள் மரங்களை ஏறுகிறவருக்குப் பங்குக் குத்தகைக்கு விடுங்கள், பதனீரில் ஒரு பங்கு வரும், காய்ச்சுவதைக் கற்றுக்கொள்ளுங்கள். பனங்கிழங்குக்கு யார் தயவும் வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் விழுகிற பனம்பழத்துக் கொட்டைகளை மணலில் அடுக்கி மூடினால் பொங்கலுக்குக் கிழங்கு தோண்டலாம். ஊர் திரும்பிய முதல் வருடமே உங்கள் நிலத்திலிருந்து வரக்கூடிய நிச்சயமான உணவு இதுதான். இன்னொன்று, எந்தக் காரணத்துக்காகவும் பனையை வெட்டாதீர்கள். மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனை வெட்டக் கூடாது என்று 2021ல் அரசு அறிவித்திருக்கிறது.

இந்தக் குடும்பங்களிடம் எப்படிப் போவது? கேமராவோடு போகாதீர்கள். ஊரில் தெரிந்த ஒருவர் மூலமாகப் போய், 'அண்ணே, இந்தச் சீசன் முழுக்க வந்து போறேன், கூட மாட வேலை செய்றேன், கத்துக்குடுங்க' என்று சொல்லுங்கள். உங்களால் அவர்கள் வேலை தாமதமாகும். அதற்கு ஒரு தொகையை முதலிலேயே பேசிக் கையில் கொடுங்கள். சான்றிதழ் வகுப்புக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் ஒரு பகுதியே போதும். வெளியூர்ப் பயிற்சியாளருக்குக் கணக்குப் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் கட்டுகிறவர்கள், பக்கத்து ஊர் ஆளிடம் சும்மா கற்கலாம் என்று நினைப்பதை நிறையப் பார்க்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை.

நெல்லும் மிளகாயும் இன்னொரு பருவம். ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பு. சித்திரைக்கார் போன்ற சிவப்பு நெல் இங்கே தலைமுறைகளாக வானத்தை நம்பி நின்ற பயிர். உங்கள் நிலத்தில் நெல் போட வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் மழை எப்போது வரும் என்று தெரியாமல் விதையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற அந்த மனநிலையைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். நம் மாவட்டத்து முண்டு மிளகாய் 2023ல் புவிசார் குறியீடு பெற்றது. தையிலிருந்து பழம் பறித்து, களத்தில் காயவைத்து, தரம் பிரித்து விற்பது வரை ஒரு சுற்றுப் பாருங்கள். வீட்டுக்கு வேண்டிய மிளகாய்க்கு இரண்டு சென்ட் போதும். விற்பனைக்கு என்று இறங்கினால் விலை ஏற்ற இறக்கம் தூக்கத்தைக் கெடுக்கும்.

ஆட்டுக் கிடையை மறந்துவிடாதீர்கள். அறுப்பு முடிந்ததும் தஞ்சாவூர் வரை மந்தையை ஓட்டிப் போகிற நம் கீதாரிகள் இராத்திரிக்கு ஆட்டை நிலத்தில் அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் அங்கேயே விழும். மணற்பாங்கான நிலத்துக்கு இதைவிட மலிவான உரம் இல்லை. ஓட்டிப் போகும் முன்போ திரும்பி வரும்போதோ பேசிவைத்துச் சில இரவுகள் கிடை போடச் சொல்லுங்கள்.

சீமைக் கருவேலத்தை எடுக்க எல்லோரும் முதல் நாளே பொக்லைன் கூப்பிடுகிறார்கள். மொத்தத்தையும் ஒரே நாளில் எடுத்தால் கச்சானுக்கு உங்கள் மண் திறந்து கிடக்கும், ஆடியில் மணல் பறக்கும். உள்பக்கத்திலிருந்து ஆரம்பித்துத் துண்டு துண்டாக எடுங்கள். தெற்கு ஓரத்தில் உள்ளதை மட்டும், உயிர்வேலி வளரும் வரை சில வருடம் விட்டுவையுங்கள். வேரோடு எடுக்காவிட்டால் மறுபடியும் துளிர்க்கும் என்பது தெரிந்ததே. விறகை மூட்டம் போட்டுக் கரியாக்கலாம். முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களைப் பிடித்தால் வேலையைக் கற்றுக்கொண்டு கரியில் பங்கும் பெறலாம். தூள்கரியை விற்காதீர்கள். மாட்டு மூத்திரத்திலோ ஆட்டு உரத்திலோ ஊறவைத்து மணலில் கலந்தால் தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைக்கும்.

அந்த இடத்தில் எதை வைப்பது? வெளி வரிசையில் பூவரசு, புங்கம், புன்னை, உடை மரம். வேலிக்குக் கிளுவை. பூவரசும் கிளுவையும் முருங்கையும் போத்து (கிளைத் துண்டு) வெட்டி ஊன்றினாலே வரும், நர்சரிக்குப் பணம் தேவையில்லை. காற்று தணிந்த உள்பக்கத்தில் கொடுக்காப்புளி, நாவல், சப்போட்டா, தென்னை. சப்போட்டாவும் தென்னையும் ஓரளவு உப்பைத் தாங்கும். மாவும் எலுமிச்சையும் வேண்டும் என்று ஆசைப்பட்டால் தண்ணீர் முடிவு வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். கமுதி வட்டம் வல்லந்தையில் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் கருவேலங்காட்டைத் திருத்திப் பழத்தோப்பு ஆக்கிய அகல் பண்ணையை ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் அது உள்நாடு. கடலோரத்துக்கு அப்படியே பொருந்தாது.

குடிதண்ணீர்க் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மாடியில் 800 மில்லிமீட்டர் பெய்தால் 80,000 லிட்டர். வழியில் வீணாவது போகப் பாதி நின்றாலும் 40,000. நான்கு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 80 லிட்டர் என்று வைத்தால், மழை இல்லாத எட்டு மாதத்துக்கு ஏறக்குறைய 20,000 லிட்டர்த் தொட்டி போதும். வீடு கட்டும்போதே அடித்தளத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். நிலத்தில் விழுகிற மழைக்கு ஊரின் பழைய ஏற்பாட்டையே பாருங்கள். இராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். தண்ணீர் வரும் வரத்துக்கால், பாசனத்துக்குத் திறக்கும் மடை, மிகுதி வெளியேறும் கலுங்கு என்று அங்கே பெரிதாக இருப்பதை இரண்டு ஏக்கரில் சின்னதாகச் செய்தால் அதுவே பெர்மாகல்ச்சர் வகுப்பின் தண்ணீர்ப் பாடம். ஒரு மழைநாளில் குடையோடு நிலத்தைச் சுற்றி நடந்து, தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே வெளியே ஓடுகிறது என்று குச்சி நட்டுக்கொண்டு, அப்புறம் வரப்புப் போடுங்கள்.

கடல் பக்கத்தில் இருப்பதால் சமையலறைக்கும் உரத்துக்கும் சில வசதிகள் உண்டு. மீன் வெட்டுகிற இடத்தில் குடலும் செதிலும் வாங்கி, சம எடை வெல்லம் அல்லது கழிவுக் கருப்பட்டி போட்டு மூடி வைத்தால் மூன்று வாரத்துக்கு மேல் மீன் அமிலம் என்ற திரவ உரம் தயார். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லியில் ஆரம்பியுங்கள். கருவாட்டுக் கழிவைப் போடாதீர்கள், உப்பு. கரையில் தானாக ஒதுங்கும் கடல்பாசியை ஒரு மழையில் நனையவிட்டு உப்பு கழுவிய பிறகு மட்கவைக்கலாம். தீவுகளுக்குப் போய் எடுக்கக் கூடாது. 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. பழைய வீடுகளில் பவளக் கல் பார்த்துவிட்டு ஆசைப்பட வேண்டாம், பவளமும் கடல் அட்டையும் வனவிலங்குச் சட்டப் பட்டியலில் உள்ளவை. கரையோரம் கட்டடம் போடுவதற்கும் கடலோர ஒழுங்குமுறை விதிகள் உண்டு. உங்கள் சர்வே எண் எந்த எல்லைக்குள் வருகிறது என்று பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு அடித்தளம் தோண்டுங்கள். உவரில் தானாக முளைக்கும் உமரிக் கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துப் பருப்போடு சேர்த்தால் உப்பே போட வேண்டியதில்லை. மற்ற காய்களுக்குக் கொத்தவரை, சுரை, பூசணி, வெண்டையில் தொடங்கலாம்.

இதையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்த பிறகு சான்றிதழ் வகுப்புக்குப் போங்கள். அப்போது உங்கள் நிலத்தின் வரைபடம், உப்பு அளவு, காற்றுத் திசை, மழைநாளில் நட்ட குச்சிகளின் படம் எல்லாம் கையில் இருக்கும். வகுப்பின் கடைசியில் ஒரு நிலத்தை வடிவமைக்கச் சொல்வார்கள். கற்பனை நிலத்துக்குப் பதில் பெரியபட்டினத்து இரண்டு ஏக்கரையே கொடுத்து ஆசிரியரைக் கேள்வி கேட்டுத் துளைக்கலாம். கட்டிய பணம் அப்போதுதான் வசூலாகும். நீங்களும் மனைவியும் ஒரே வகுப்புக்குப் போக வேண்டிய அவசியமில்லை. ஒருவர் வடிவமைப்புக்கும் ஒருவர் விதைச் சேமிப்புக்கோ மண் வீட்டுக்கோ போனால் வீட்டில் இரண்டு வித்தை சேரும்.

துபாய் வேலையை விடும் தேதியை நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், சித்திரையில் ஒரு மாதம் விடுப்பில் வந்து மண்ணும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்துவிட்டு, பதனீர் நடக்கும்போதே சாயல்குடிப் பக்கம் ஒரு எட்டுப் போய்ப் பேசிவிட்டுத் திரும்புங்கள். மொத்தமாக வருவதை ஆவணிக்கு வைத்துக்கொண்டால் புழுதி விதைப்பும் பனங்கொட்டையும் மழையும் வரிசையாகக் கிடைக்கும். சோதனை முடிவில் கடத்தும் திறனும் கார அமில நிலையும் எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள். எலுமிச்சை வைக்கலாமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.